பழைய இரும்புச் சமையலறையும் 1950களின் டிஷ்வாஷரும்: எந்தத் தொல்லைக்கு எங்கே பார்ப்பது

ஒஹாயோவில் நாங்கள் வாங்கிய வீடு 1953இல் கட்டியது. சமையலறையில் மேல் அலமாரி, கீழ் அலமாரி, இழுப்பறை எல்லாமே இரும்புத் தகடு. ஊரில் அம்மா பட்டுப்புடவை வைக்கும் பீரோவை நினைத்துக்கொள்ளுங்கள். அதையே வெள்ளை அடித்து, இடுப்பளவுக்கு வெட்டி, சுவரோரமாக வரிசையாக நிறுத்தியது மாதிரி இருக்கும். நடுவில் போர்சலைன் எனாமல் பூசிய சிங்க். அதற்குப் பக்கத்தில், முந்தைய உரிமையாளர் பல வருடமாகத் தொடாத ஒரு டிஷ்வாஷர். வீட்டைக் காட்டிய தரகர், “இதையெல்லாம் பெயர்த்து வெளியே போட்டுவிடலாம்” என்று ஆறுதல் சொன்னார்.

பெயர்க்கவில்லை. இந்தப் பக்கத்து வீடுகளில் இது ஒன்றும் அதிசயமும் இல்லை. ‘யங்ஸ்டவுன் கிச்சன்ஸ்’ என்ற பெயரில் வந்த அலமாரிகளை மல்லின்ஸ் நிறுவனம் இங்கே வாரன் நகரில்தான் செய்தது. இதே மாநிலத்தில் ட்ராய் நகரத்து ஹோபார்ட் நிறுவனம் 1949இல் கிச்சன்எய்ட் டிஷ்வாஷரைக் கொண்டுவந்தது. இல்லினாயில் ஃபாக்ஸ் ஆற்றங்கரையில் அரோரா, ஜெனீவா, செயின்ட் சார்ல்ஸ் என்று மூன்று ஊர்களிலும் இரும்புச் சமையலறை செய்தார்கள்.

பழுது பார்க்கப் பார்க்க எனக்குப் புரிந்தது ஒன்று. இந்த மெஷின்கள் பெரும்பாலும் கெட்டுப்போகவில்லை, காய்ந்துபோயிருக்கின்றன. அதற்குள் அவற்றுக்கு வரும் வெந்நீர், சோப்புத்தூள், சுவருக்குள் ஓடும் வயர் எல்லாம் மாறிவிட்டன. அதனால் தொல்லை ஓரிடத்தில் தெரியும், காரணம் வேறிடத்தில் இருக்கும். உதிரி பாகம் தேடிப் புறப்படும் முன் கீழே உள்ளதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

முதலில்: சுவிட்சைப் போடாதீர்கள்

பழைய மெஷின் கிடைத்த சந்தோஷத்தில் எல்லாரும் செய்வது இதைத்தான்: ஓடுகிறதா பார்ப்போம் என்று கரண்ட் கொடுத்துவிடுவது. மோட்டார் ஷாஃப்ட் வழியாகத் தண்ணீர் ஒழுகாமல் தடுக்கும் சீல் காய்ந்து ஒட்டிக்கிடக்கும், அந்த முதல் அரை நொடியில் உடையும். அடிப்பலகையைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வயரின் மேலுறை ரப்பரோ துணியோ என்றால் விரலால் லேசாக வளைத்தாலே உதிரும். உதிர்ந்தால் அந்த வயரை மாற்றிய பிறகுதான் மற்றதெல்லாம். வெப்பம் தாங்கும் உறை போட்ட வயராக வாங்குங்கள், சாதாரண வயர் ஹீட்டர் பக்கம் உருகிவிடும். எலி கடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். கழற்றும் முன் ஒவ்வொரு இணைப்பையும் போனில் படம் எடுங்கள். டைமரில் வயர்களை ஒரே நேரத்தில் மொத்தமாக உருவாதீர்கள். நான் உருவியிருக்கிறேன், ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது.

சிங்க்கைத் தொட்டால் சுர்ரென்கிறது, அல்லது பிரேக்கர் ட்ரிப் ஆகிறது

இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் சரிசெய்ய வேண்டும். மரச் சமையலறையில் மெஷினில் கரண்ட் கசிந்தால் மெஷினைத் தொட்டவருக்கு மட்டும்தான் ஷாக். இரும்புச் சமையலறையில் ஒவ்வொரு அலமாரியும் பக்கத்து அலமாரியோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும். டிஷ்வாஷருக்குள் ஒரு வயர் உரசினால், பத்தடி தள்ளி மேல் அலமாரியில் சர்க்கரை எடுக்கப் போனவருக்கும் அடிக்கலாம். 1960களுக்கு முந்தைய வீடுகளில் பெரும்பாலும் எர்த் கம்பியே கிடையாது.

கரண்டை மெயினிலேயே நிறுத்துங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து, மெஷினின் லைன் முனைக்கும் அதன் இரும்பு உடம்புக்கும் நடுவே அளந்து பாருங்கள். முள் அசையவே கூடாது. அசைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஹீட்டரை. குழாய் வடிவ ஹீட்டருக்குள் கம்பியைச் சுற்றி மக்னீசியம் ஆக்சைடு தூள் அடைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் அந்தத் தூள் முனை வழியாக ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். நம் ஊரில் மழைக்காலத்தில் உப்பு ஜாடி நீர்த்துப்போவது மாதிரிதான். ஹீட்டரைக் கழற்றி, மிதமான சூட்டில் ஓவனில் சில மணி நேரம் வைத்து எடுத்து மறுபடி அளந்து பாருங்கள். பல ஹீட்டர்கள் இதிலேயே பிழைத்துக்கொள்ளும். மல்டிமீட்டரில் சரியாகக் காட்டினாலும் தொல்லை தொடர்ந்தால், 500 வோல்ட் கொடுத்துக் கசிவை அளக்கும் மெகர் வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். மல்டிமீட்டரின் சின்ன பேட்டரிக்குத் தெரியாத கசிவு மெகரில் தெரிந்துவிடும்.

அப்புறம், மெஷினுக்குத் தனி லைன், அதற்கு எர்த், அதில் ஜிஎஃப்சிஐ. நம் ஊர் ஆர்சிசிபியின் தம்பி இது. 4 முதல் 6 மில்லி ஆம்பியர் கசிந்தாலே துண்டித்துவிடும். அலமாரி வரிசையையும் எர்த்தோடு சேர்த்துவிடுங்கள். பெயின்டைச் சுரண்டி, பளபளக்கும் இரும்பில் எர்த் வயரை இறுக்குங்கள். பெயின்டின் மேல் இறுக்கிய எர்த் பெயருக்குத்தான் எர்த். இந்த வேலையில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கைப்பழக்கம் இல்லாதவர்கள் ஆள் வைத்துச் செய்யுங்கள்.

மோட்டார் முனகுகிறது, சுற்றவில்லை

முனகினால் மகிழ்ச்சி, மோட்டாரின் கம்பிச்சுருள் உயிரோடு இருக்கிறது. ஆனால் ஐந்து நொடிக்கு மேல் முனகவிடாதீர்கள், மோட்டாரைக் கிளப்பிவிடும் சுருள் (ஸ்டார்ட்டிங் வைண்டிங்) எரிந்துவிடும்.

கரண்டை நிறுத்திவிட்டு மோட்டார் ஷாஃப்ட்டைக் கையால் சுற்றிப் பாருங்கள். அசையவில்லையென்றால் சீல் ஒட்டியிருக்கிறது. ஷாஃப்ட்டின் மேல் கரிவட்டு ஒன்று, செராமிக் வட்டு ஒன்று, இரண்டும் முகத்தோடு முகம் உரசித் தண்ணீரைத் தடுக்கின்றன. இடையில் நின்ற சோப்புத்தண்ணீர் காய்ந்து பசையாகிவிடும். தொட்டியின் அடிக்குழியில் நல்ல வெந்நீரை ஊற்றி விடிய விடிய ஊறவிடுங்கள். ஆறினால் எடுத்துவிட்டு மறுபடி ஊற்றுங்கள். காலையில் இப்படியும் அப்படியும் ஒரு நூல் அளவு அசைத்துப் பாருங்கள். ரெஞ்ச் போட்டு முறுக்கினால் செராமிக் விரியும். எங்கள் வீட்டு மெஷினில் மூன்றாவது நாள் காலையில் ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது. உடைந்துவிட்டது என்றே நினைத்தேன். விட்டுக்கொடுத்த சத்தம்தான் அது.

கையால் லேசாகச் சுற்றுகிறது, கரண்டில் மட்டும் முனகுகிறது என்றால் அந்தச் சுருளுக்குக் கரண்ட் கொடுக்கும் சுவிட்சை, அதாவது ஸ்டார்ட் ரிலேயைப் பாருங்கள். அதன் தொடுமுனைகள் கறுத்திருக்கும். உப்புத்தாள் போடாதீர்கள், மேலே இருக்கும் வெள்ளி போய்விடும். ஒரு விசிட்டிங் கார்டை நடுவே விட்டு இழுத்தாலே போதும். கெபாசிட்டர் இருந்தால் அதைத் தொடும் முன் டிஸ்சார்ஜ் செய்யுங்கள். மோட்டாரில் எண்ணெய்த் துளை இருந்தால் 20 எண் மோட்டார் எண்ணெய் நாலைந்து சொட்டு விடுங்கள், அதற்கு மேல் வேண்டாம்.

அடியில் ஒழுகுகிறது

எங்கிருந்து என்று தெரியாமல் சீல் வாங்காதீர்கள். மெஷினுக்கு அடியில் நியூஸ்பேப்பரை விரித்து ஒரு முறை ஓடவிட்டு, முதல் ஈரப்பொட்டு எங்கே விழுகிறது என்று குனிந்து பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் பார்த்தால் பேப்பர் முழுக்க நனைந்து ஒன்றும் புரியாது. முதல் பொட்டுதான் கணக்கு.

நடுவில், மோட்டாருக்கு நேர் கீழே விழுந்தால் ஷாஃப்ட் சீல். மெஷின் மாடல் பெயரைச் சொல்லித் தேடினால் “நிறுத்திவிட்டோம்” என்பார்கள். பழைய சீலையே எடுத்துக்கொண்டு தொழிற்சாலை பம்ப்புக்கு உதிரி விற்கும் கடைக்குப் போங்கள். அவர்கள் ஷாஃப்ட் விட்டமும் உட்காரும் குழியின் விட்டமும் அளந்து, அதே அளவில் ஒன்றைத் தேடித் தருவார்கள். மாட்டும்போது அந்த இரண்டு முகங்களிலும் விரல் படக்கூடாது.

முன்பக்கம் விழுந்தால் முதலில் ரசமட்டம் வைத்துப் பாருங்கள். எழுபது வருடத்தில் தரை இறங்கியிருக்கும், மெஷின் முன்னால் சாய்ந்திருக்கும், தண்ணீர் கதவோரம் ஏறும். காலைத் திருகி நிமிர்த்தினால் பாதி ஒழுகல் நின்றுவிடும். அப்புறம்தான் கதவைச் சுற்றியிருக்கும் ரப்பர் கேஸ்கெட். வெந்நீரில் ஊறப்போட்டால் இறுகிய ரப்பர் கொஞ்சம் இளகும். விரிசல் விட்டிருந்தால் ஊறப்போட்டும் பயனில்லை.

நுரை பொங்கி வழிகிறது என்றால் யாரோ கைகழுவும் சோப்பை ஊற்றியிருக்கிறார்கள். யார் என்று விசாரிக்க வேண்டாம், வீட்டில் அமைதி முக்கியம். தண்ணீரை வடித்துவிட்டு, ஒரு கைப்பிடி உப்புப் போட்டு வெறும் தண்ணீரில் இரண்டு முறை ஓடவிடுங்கள்.

தண்ணீர் குறைவாக ஏறுகிறது, பம்ப் கடகடக்கிறது

அந்தக் கால மெஷின்கள் பலவற்றில் தண்ணீர் எவ்வளவு ஏறியது என்று அளக்கும் கருவியே கிடையாது. டைமர் இத்தனை நொடி வால்வைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான். வால்வு வாயிலில் இருக்கும் சின்ன வலை மணலும் துருவும் அடைத்திருந்தால் அதே நொடிகளில் பாதித் தண்ணீர்தான் வரும், பம்ப் காற்றைக் குடித்துக் கடகடக்கும். வலையைக் கழற்றிப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். உள்ளே இருக்கும் ரப்பர் வட்டு இறுகியிருந்தால் மாற்றுங்கள். சுத்தமாக ஏறவே இல்லையென்றால் கதவு சுவிட்ச், வால்வைத் திறக்கும் ஸொலினாய்டு சுருள் என்ற வரிசையில் பாருங்கள்.

வடியவில்லையா? அடிக்குழியில் கையை விடாதீர்கள், இடுக்கி விடுங்கள். எனக்குக் கிடைத்தவை: உடைந்த கண்ணாடித் துண்டு, ஒரு பல்குச்சி, எந்தக் காலத்தையோ சேர்ந்த ஒரு ஆலிவ் கொட்டை.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் பாத்திரத்தில் வெள்ளைப் படலம்

பலரும் மெஷினைத் தூக்கிப் போடுவது இந்த இடத்தில்தான். மெஷின் மேல் ஒரு குற்றமும் இல்லாத இடமும் இதுதான்.

இல்லினாயில் ஷெல்பிவில் ஊரைச் சேர்ந்த ஜோசஃபின் காக்ரேன் 1886 டிசம்பர் 28 அன்று வாங்கிய காப்புரிமை, பாத்திரத்தைத் தேய்க்காமல் தண்ணீரைப் பீய்ச்சி அடித்துக் கழுவுவது பற்றியது. 1893 சிகாகோ உலகக் கண்காட்சியில் அவருடைய மெஷின்கள் ஓடின. பின்னாளில் ஹோபார்ட் அந்தக் கம்பெனியை வாங்கியது. தேய்க்கக் கை இல்லாததால், அந்தக் குறையை மூன்று பேர் பங்குபோட்டு நிரப்ப வேண்டும்: வேகம், சூடு, சோப்பு. 1950களின் மெஷினில் வேகம் இன்றும் அப்படியே இருக்கிறது. மற்ற இரண்டும்தான் கைவிட்டுவிட்டன.

சூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று வீட்டு வெந்நீர் 140 முதல் 150 டிகிரி ஃபாரன்ஹீட் இருக்கும் என்று நம்பி மெஷினைச் செய்தார்கள், அதாவது 60 செல்சியஸுக்கு மேல். இன்று கொதிகலனை 120இல் வைக்கச் சொல்கிறார்கள், 49 செல்சியஸ். மெஷினுக்குப் போகும் குழாயில் ஏற்கெனவே நிற்கும் ஆறிய தண்ணீரையும் சேர்த்தால், முதல் சுற்றுக்குக் கிடைப்பது கைபொறுக்கும் சூடுதான். நெய்ப்பிசுக்கு அதில் எங்கே கரையும்? மெஷினைப் போடும் முன் சிங்க் குழாயை வெந்நீரில் திறந்துவிடுங்கள். ஒரு டம்ளரில் பிடித்து, சமையல் தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். சூடு ஏறி நின்றதும் மூடிவிட்டு மெஷினைப் போடுங்கள். பிடித்த தண்ணீரை வாளியில் வைத்தால் ஊறவைக்க ஆகும். கொதிகலனையே 140க்கு ஏற்றலாம். ஆனால் அந்தச் சூடு சில நொடியில் தோலை உரித்துவிடும். குழந்தைகளோ வயதானவர்களோ இருக்கும் வீட்டில், குளியலறைக்குப் போகும் தண்ணீரைக் கலந்து ஆற்றித் தரும் மிக்ஸிங் வால்வு இல்லாமல் ஏற்றாதீர்கள்.

அடுத்தது சோப்பு. அன்றைய தூளில் பாஸ்பேட் தாராளமாக இருந்தது. தண்ணீரின் கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு, பாத்திரத்தில் படியவிடாமல் வெளியேற்றியது அதுதான். ஏரிகளிலும் ஆறுகளிலும் பாசி மண்டியதால் 2010 ஜூலையில் அமெரிக்காவின் பல மாநிலங்கள் டிஷ்வாஷர் சோப்பில் பாஸ்பரஸை 0.5 சதவீதத்துக்குள் அடக்கின. கால்சியத்தைப் பிடிக்க இன்று சிட்ரேட் மாதிரி உப்புகளைப் போடுகிறார்கள், உணவுப் பிசுக்கை எடுப்பதில் பெரும்பங்கு என்சைம்களுடையது. மாவையும் புரதத்தையும் அவை நிதானமாகத்தான் தின்னும். புது மெஷின் இரண்டு மணி நேரம் ஓடுவது அதனாலும்தான். பழைய மெஷினோ சில நிமிடத்தில் கழுவி வெளியே ஊற்றிவிடும், என்சைம் இலை போட்டு உட்காருவதற்குள் பந்தி முடிந்துவிடும்.

வழி இருக்கிறது. மாத்திரை வடிவச் சோப்பை விட்டுவிட்டுத் தூளுக்கு வாருங்கள். முன்கழுவலுக்குக் கொஞ்சம், முக்கியக் கழுவலுக்குக் கிண்ணம் நிறைய. முக்கியக் கழுவலில் கதவைக் கொஞ்சம் திறந்து மெஷினை நிறுத்தி, தாழ் போடாமல் சாத்தி வைத்து இருபது நிமிடம் ஊறவிட்டு, பிறகு தொடரவிடுங்கள். இரண்டாம் முறை கழுவ வேண்டுமென்றால் டயலைப் பின்னால் திருப்பாதீர்கள். பல டைமர்களில் உள்ளே பல் முறிந்துவிடும். மெஷினை நிறுத்திவிட்டு முன்னோக்கியே ஒரு முழுச்சுற்று கொண்டுவாருங்கள். ஏற்கெனவே படிந்த வெள்ளைக்கு இரண்டு ஸ்பூன் எலுமிச்சை உப்புப் போட்டு வெறுமனே ஒரு முறை ஓட்டினால் போய்விடும். அதை வாரா வாரம் செய்யாதீர்கள், பழைய எனாமல் தொட்டிக்குப் புளிப்பு ஆகாது.

தண்ணீர்க் கணக்கையும் சொல்லிவிட வேண்டும். இந்த மெஷின் ஒரு தடவைக்குச் சுமார் 40 லிட்டரோ அதற்கு மேலோ குடிக்கும். இன்றைய அமெரிக்க விதி 5 காலன், அதாவது 19 லிட்டருக்குள். நாங்கள் விருந்தாளி வரும் நாளில் மட்டும் ஓட்டுகிறோம்.

அலமாரிக் கதவு தகர டப்பா மாதிரி அதிர்கிறது

நல்ல இரும்புச் சமையலறைக் கதவு இரட்டைத் தகடு. நடுவில் சத்தத்தை அடக்க அட்டையோ நாரட்டையோ வைத்திருப்பார்கள். அது நைந்து அடியில் குவிந்தால் கதவு டமார் என்கிறது. உள்தகட்டைக் கழற்றி அட்டையை எடுத்துவிட்டு, காரின் கதவுக்குள் ஒட்டும் பியூட்டைல் ரப்பர் தாளை ஒட்டுங்கள். மூலைகளில் இருக்கும் ரப்பர்க் குமிழ்களையும் புதிதாக்குங்கள்.

கதவு கோணலாக மூடினால் கீலை வளைக்க ஓடாதீர்கள். தரை இறங்கி, அலமாரிப் பெட்டியே சாய்சதுரமாகியிருக்கும். பக்கத்து அலமாரியோடு சேர்க்கும் போல்ட்டைத் தளர்த்தி, அடியில் சக்கை கொடுத்து நிமிர்த்தி, மறுபடி இறுக்குங்கள். கதவு தானாக நேராகும்.

இழுப்பறை கிறீச்சிட்டால் மெழுகுவத்தியைத் தேயுங்கள். எண்ணெய் விட்டால் மைதா மாவு ஒட்டிப் பிசினாகும்.

துரு, மஞ்சள் பாரித்த பெயின்ட்

மஞ்சளாக இருப்பதில் பெரும்பகுதி பெயின்ட் அல்ல, எழுபது வருடச் சமையல் புகை. வாஷிங் சோடா கலந்த வெந்நீரில் துடைத்துவிட்டு, காருக்குப் போடும் ரப்பிங் காம்பவுண்டால் ஒரு கைக்குட்டை அளவு இடத்தைத் தேய்த்துப் பாருங்கள். உள்ளே வெள்ளை பளிச்சென்று இருந்தால் பெயின்ட் செலவு மிச்சம். மேலே கார்னுபா மெழுகு பூசினால் முடிந்தது.

தேய்த்துப் போகாத துரு இருந்தால்தான் உப்புத்தாள். அதற்கு முன் ஈயப் பரிசோதனை. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்டில் ஈயத்தைத் தடை செய்தது 1978இல். அதற்கு முந்தைய பூச்சு எல்லாமே சந்தேகத்துக்குரியதுதான். ஈயம் இருந்தால் உலர்ந்து தேய்க்கவே கூடாது. சிங்க்கின் அடிப்பக்கம் தார் மாதிரி ஒரு பூச்சு இருக்கும். அதில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம். அதைச் சுரண்டாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

அதிகம் துருப்பிடிப்பது சிங்க்குக்குக் கீழ் அலமாரியின் தரைத்தகடு. குழாய்க் கசிவை நிறுத்தி, கம்பி பிரஷ் போட்டு, பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருமாற்றி பூசி, எபாக்ஸி ப்ரைமர் அடித்துப் பிறகு பெயின்ட். ஓட்டை விழுந்திருந்தால் புதுத் தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். பட்டி வைத்து மறைத்தால் அடுத்த மழைக்குள் உதிரும்.

மொத்தமாக நிறம் மாற்ற பவுடர் கோட்டிங் அருமையாக உட்காரும். ஆனால் அதற்குச் சுமார் 200 டிகிரி செல்சியஸில் சுட வேண்டும். நான் முதல் இரண்டு கதவுகளை உள்ளே இருந்த அட்டையோடு அனுப்பிவிட்டேன். திரும்பி வந்தபோது பூச்சில் கொப்புளம், வீடு முழுக்கக் கருகிய அட்டை வாசனை. பட்டறைக்காரர் மேல் தப்பில்லை, கதவைத் திறந்து பார்க்காதது நான்தான். அட்டை, ரப்பர், நைலான் எல்லாவற்றையும் உருவிவிட்டு அனுப்புங்கள். நசுங்கலுக்கு டிங்கரிங் தட்டுவதும் அதற்கு முன்னால்தான்; பழைய பூச்சோடு தட்டினால் எனாமல் சில்லுச் சில்லாக எகிறும்.

போர்சலைன் சிங்க்கில் கறை

கறுப்புக் கோடுகள் அலுமினியப் பாத்திரம் உரசியவை. ஆக்ஸாலிக் அமிலம் கலந்த தூளை ஈரத்துணியில் தொட்டுத் தேய்த்து உடனே கழுவினால் போய்விடும். மஞ்சள்தூள் கறைக்கு ஒன்றும் வேண்டாம், ஜன்னல் வெயில் பட்டால் இரண்டு நாளில் வெளுக்கும்.

மங்கிப் போய்ச் சொரசொரவென்று ஆகிவிட்ட இடம்தான் திரும்பாது. பழைய எனாமல் எல்லாம் அமிலம் தாங்கும் வகை இல்லை. புளி கரைத்த சக்கையை ஒரு ராத்திரி சிங்க்கில் விட்டதில், எங்கள் சிங்க்கின் இடது மூலையில் உள்ளங்கை அளவுக்கு ஒரு மங்கல் விழுந்திருக்கிறது. இப்போது புளிக்கு ஒரு தனி எவர்சில்வர் வடிகட்டி வைத்திருக்கிறோம்.

ஊருக்குக் கொண்டுபோகலாமா?

அடிக்கடி கேட்கிறார்கள். டிஷ்வாஷரை வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஆனால் நம் 50 ஹெர்ட்ஸை 60 ஆக்காது. மோட்டார் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். பம்ப்பின் அழுத்தம் கிட்டத்தட்ட எழுபது சதவீதத்துக்கு இறங்கும். டைமரும் மெதுவாக ஓடுவதால் வால்வு கூடுதல் நேரம் திறந்திருந்து ஐந்தில் ஒரு பங்கு தண்ணீரை அதிகம் ஏற்றிவிடும். அலமாரிகளைக் கொண்டுபோகலாம். கரையான் தொடாது. கடலோர ஊர் என்றால் மட்டும், கண்டெய்னரில் ஏற்றும் முன் வெட்டுவிளிம்புகளிலெல்லாம் ப்ரைமர் அடித்துவிடுங்கள்.